அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டத்தை மூன்றாண்டில் முடிக்கலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஓர் ஆண்டுக் கட்டணம் மிச்சமாகும், ஓர் ஆண்டு முன்னதாகச் சம்பளம் வரும். அமெரிக்காவில் இளங்கலை படிக்கும் பலரும் இந்த இரண்டை மட்டும் கணக்கில் வைத்துத்தான் மூன்றாண்டுத் திட்டத்தில் இறங்குகிறார்கள். பாதி வழியில் ஏதாவது ஒரு பாடம் அடுத்த இலையுதிர் செமஸ்டரில்தான் (ஆகஸ்ட்–டிசம்பர்) நடக்கும் என்று தெரியவரும். அல்லது உதவித்தொகையின் விதி இடிக்கும், விசா தேதி இடிக்கும். இவை எல்லாமே முன்கூட்டியே பார்த்துவிடக்கூடியவை. எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போய்ப் படிப்பவர்களுக்கும், அங்கேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறோம். இரு தரப்புக்கும் விதி வேறுபடும் இடங்களைத் தனியாகக் குறித்திருக்கிறோம்.

முடிவெடுக்கச் சரியான நேரம் முதலாண்டின் வசந்த செமஸ்டர் (ஜனவரி–மே), அதாவது மூன்றாம் செமஸ்டருக்குப் பாடம் பதிவு செய்வதற்கு முன். அதற்குப் பிறகு முடிவெடுத்தாலும் முடியும்தான். ஆனால் முதல் கோடை விடுமுறை கையைவிட்டுப் போயிருக்கும். அந்த ஒரு கோடை இல்லாமல் கணக்கு நேராவது கடினம்.

1. முதலில் டிகிரி ஆடிட்டை இறக்குங்கள்

உங்கள் மாணவர் கணக்கில் டிகிரி ஆடிட் என்று ஒரு பக்கம் இருக்கும். பல கல்லூரிகளில் டிகிரி ஒர்க்ஸ் என்ற மென்பொருள் இதைக் காட்டும். பட்டத்துக்கு என்னென்ன வேண்டும், எது முடிந்தது, எது பாக்கி என்று அதில் வரி வரியாக இருக்கும். அதை பிடிஎஃப் ஆக எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே நீங்கள் சேர்ந்த ஆண்டின் கேட்டலாக்கையும் (கல்லூரியின் பாட, விதித் தொகுப்பு) எடுத்து வையுங்கள். உங்களுக்குப் பொருந்துவது அந்த ஆண்டின் விதிகள்தான். இரண்டாண்டு கழித்து இணையதளத்தில் இருக்கும் விதிகள் வேறாக இருக்கலாம்.

ஆடிட்டில் நான்கு எண்களைத் தேடிக் குறியுங்கள்: பட்டத்துக்கான மொத்த கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு), மூன்றாம் நான்காம் ஆண்டு நிலைப் பாடங்களில் எடுக்க வேண்டிய குறைந்தபட்ச கிரெடிட், அந்தக் கல்லூரியிலேயே படித்தாக வேண்டிய கிரெடிட், வெளியிலிருந்து கொண்டுவரக்கூடிய உச்சவரம்பு. மொத்தம் பெரும்பாலும் 120. ஆண்டைக் காலாண்டுப் பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறைக் கல்லூரியானால் 180. கல்லூரியிலேயே படித்தாக வேண்டியது பல இடங்களில் 30 கிரெடிட். கடைசி 30 கிரெடிட்டும் அங்கேயே என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கடைசிக் கோடையில் வேறு கல்லூரியில் பாடம் எடுத்தால் அது பட்டத்துக்கு உதவாது.

2. கிரெடிட்டை எண்ணும் முன் பாடச் சங்கிலியைப் பாருங்கள்

இந்தப் படிதான் முடிவையே தீர்மானிக்கும். 120 கிரெடிட்டைச் சேர்ப்பது பெரிய காரியமல்ல. ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்தது என்ற வரிசை எத்தனை செமஸ்டர் நீளம் என்பதே கேள்வி.

கணினி அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். அறிமுக நிரலாக்கம், அடுத்து டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அடுத்து அல்காரிதம்ஸ், அதற்கு மேல் இரண்டு மூன்று சிறப்புப் பாடங்கள், கடைசியில் கேப்ஸ்டோன் என்ற இறுதித் திட்டப் பாடம். ஒவ்வொன்றும் முந்தையதைக் கேட்கும். இதுவே ஆறு செமஸ்டருக்கு அருகில் வந்துவிடும். பொறியியலில் கால்குலஸ், இயற்பியல், வகைக்கெழுச் சமன்பாடு, துறைப் பாடங்கள் என்று சங்கிலி இன்னும் நீளும். கேப்ஸ்டோனும் பல இடங்களில் இலையுதிர் செமஸ்டரில் தொடங்கி வசந்தத்தில் முடியும் இரட்டைப் பாடம். வசந்தத்தில் அதைத் தொடங்கவே முடியாது. பொருளாதாரம், உளவியல், வரலாறு போன்ற துறைகளில் சங்கிலி குட்டை. இந்தத் துறைகளில் மூன்றாண்டுத் திட்டம் எளிதாக அமையும்.

ஒரு வெள்ளைத்தாளில் ஆறு கட்டம் போடுங்கள், ஒவ்வொரு கட்டமும் ஒரு செமஸ்டர். இடையில் இரண்டு சின்னக் கட்டங்கள் கோடைக்கு. கடைசிக் கட்டத்தில் கேப்ஸ்டோனை எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் அது எந்தெந்த செமஸ்டரில் நடக்கும் என்று எழுதுங்கள். பல கேட்டலாக்குகளில் இது இருக்காது. கடந்த மூன்று ஆண்டுகளின் பாட அட்டவணையைப் பதிவாளர் அலுவலகத் தளத்தில் தேடிப் பார்த்தால் தெரியும். சங்கிலி ஆறு கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால், எத்தனை கிரெடிட் கையில் இருந்தாலும் மூன்றாண்டு நடக்காது. இதை முதலாண்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அப்போது கீழே சொல்லும் மூன்றரையாண்டு வழியை நிதானமாகத் திட்டமிடலாம்.

சங்கிலி அடங்கினாலும் அதில் ஒரு செமஸ்டராவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாடத்தில் இடம் கிடைக்காமல் போகலாம், ஒன்றில் தோற்கலாம். இடைவெளியே இல்லாத திட்டம் அந்த ஒரு தடங்கலிலேயே ஓர் ஆண்டு தள்ளிப்போகும்.

3. பாக்கி 30 கிரெடிட் எங்கிருந்து வரும்

செமஸ்டருக்கு 15 வீதம் ஆறு செமஸ்டருக்கு 90. இன்னும் 30 வேண்டும். அதற்கு நான்கு வழிகள் உண்டு.

ஏபி தேர்வுகள், அதாவது பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகள். மதிப்பெண் 3, 4, 5 எதற்கு கிரெடிட் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். டெக்சாஸ், புளோரிடா, இலினாய் போன்ற மாநிலங்களின் அரசுக் கல்லூரிகளில் 3 பெற்றாலே பெரும்பாலும் கிரெடிட் கிடைக்கும். பிரவுன், டார்ட்மத், கால்டெக் போன்ற இடங்களில் எவ்வளவு வாங்கினாலும் அது பட்டத்துக்கான கிரெடிட்டாகச் சேராது. அதிகபட்சம் அடுத்த நிலைப் பாடத்துக்கு நேரே போகலாம். பன்னாட்டுப் பள்ளிப் பாடத்திட்டங்களான ஐபியின் ஹையர் லெவல் பாடத்துக்கும் ஏ-லெவலுக்கும் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன. நம் ஊர் சிபிஎஸ்இ, மாநில வாரியப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இங்கே ஒரு பொறி. ஏபி கால்குலஸ் கிரெடிட் வாங்கிவிட்டு, அடித்தளம் பலமாகட்டும் என்று கல்லூரியில் மறுபடி கால்குலஸ் முதல் பாடத்தை எடுத்தால், இரண்டில் ஒன்றுதான் கணக்கில் வரும். ஆடிட்டில் நான்கு கிரெடிட் சத்தமில்லாமல் மறையும்.

கிளெப் தேர்வுகள். வகுப்பில் படிக்காமலே தேர்வெழுதி கிரெடிட் பெறும் வழி இது. கல்லூரியில் சேர்ந்த பிறகும் எழுதலாம். ஒரு தேர்வுக்கு ஏறக்குறைய 100 டாலர், அதோடு மையத்தின் கட்டணம். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் இலவசப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணச் சீட்டும் இலவசமாகத் தருகிறார்கள். பொதுப்பாடத் தேவைகளை முடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் உங்கள் கல்லூரி கிளெப்பை ஏற்கிறதா, எந்தத் தேர்வுக்கு எந்தப் பாடத்தை நீக்குகிறது என்பதைப் பதிவாளர் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கோடைப் பாடங்கள். ஒரு கோடைக்கு 6 முதல் 9 கிரெடிட் சமாளிக்கலாம். ஆறு வாரத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி போன்ற பாடத்தை எடுப்பது வேண்டாத ஆபத்து. பொதுப்பாடங்களைக் கோடையில் முடித்துவிட்டு, மேஜர் (முதன்மைத் துறை) பாடங்களை முழு செமஸ்டரில் படியுங்கள். கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரியில் எடுத்தால் செலவு வெகுவாகக் குறையும். பாடம் தொடங்கும் முன்பே, இந்தப் பாடம் நம் கல்லூரியில் எந்தப் பாடத்துக்குச் சமம் என்ற ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். படித்து முடித்த பிறகு கேட்டால், வெறும் எலெக்டிவ் (விருப்பப் பாட) கிரெடிட்டாகப் போட்டுவிடுவார்கள். மொத்த எண்ணிக்கை ஏறும், தேவை நிறைவேறாது. பல இடங்களில் சி கிரேடுக்குக் கீழே வந்தால் மாற்றவும் மாட்டார்கள்.

கடைசி வழி, செமஸ்டரில் கூடுதல் பாடம். பல கல்லூரிகளில் 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம். அப்படியானால் 15க்குப் பதில் 18 எடுப்பது காசில்லாத கிரெடிட். 18ஐத் தாண்டினால் தனிக் கட்டணம், தனி அனுமதி, பெரும்பாலும் 3.0 ஜிபிஏ (சராசரித் தரப்புள்ளி) நிபந்தனையும் இருக்கும். முதல் செமஸ்டரிலேயே 18 எடுக்காதீர்கள். புது ஊர், புதுத் தேர்வு முறை, சமையலும் உங்கள் தலையில். அந்த செமஸ்டரில் சரியும் ஜிபிஏவைப் பிறகு ஏற்ற மூன்றாண்டுக்காரருக்கு நாளே போதாது.

4. பணக் கணக்கை முழுதாகப் போடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம், எண்களுக்குப் பதில் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் 40,000 டாலர், தங்குமிடமும் சாப்பாடும் 18,000, கல்லூரி தரும் உதவித்தொகை 15,000. நான்காம் ஆண்டைத் தவிர்த்தால் மிச்சம் 58,000 அல்ல. அந்த ஆண்டின் உதவித்தொகையும் போய்விடுவதால் 43,000தான்.

இதை அடைய இரண்டு கோடையில் 18 கிரெடிட் சொந்தக் கல்லூரியில் எடுக்கிறீர்கள் (பாக்கி 12 ஏபி போன்ற வழியில் வந்ததாகக் கொள்வோம்), கிரெடிட்டுக்கு 1,200 டாலர் என்றால் 21,600. உதவித்தொகை கோடைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இரண்டு கோடையின் வாடகை, சாப்பாடு 8,000. மிச்சம் 13,400 ஆகக் குறைந்துவிட்டது. நான்காண்டுக்காரர் கூடுதலாகப் பெறும் ஒரு கோடை இன்டர்ன்ஷிப் 12 வாரம், வாரம் 40 மணி, மணிக்கு 30 டாலர் என்றால் 14,400. அதைக் கழித்தால் லாபமே இல்லை. அதே 18 கிரெடிட்டை 350 டாலர் வீதம் கம்யூனிட்டி காலேஜில் எடுத்தால் 6,300தான். அப்போது எல்லாம் கழித்தும் 14,300 டாலர் நிற்கும்.

ஓர் ஆண்டுச் சம்பளம் முன்னதாக வருவதை இதில் சேர்க்கவில்லை. வேலைக் கடிதம் கையில் வந்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் வங்கிக் கல்விக்கடன் எடுத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. வழக்கமாகப் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. படிப்பு ஓராண்டு முன்னதாக முடிந்தால் தவணையும் முன்னதாகத் தொடங்கலாம். பெற்றோர் வங்கிக் கிளையில் இதை முதலிலேயே கேட்டு வைக்கட்டும். இன்னும் பெறாத தொகையை ரத்து செய்யவும் மனு கொடுக்க வேண்டும்.

அமெரிக்கக் குடும்பங்களுக்கு: கூட்டரசு மாணவர் கடன் வாங்குபவர், கடைசியாக ஒரே ஒரு செமஸ்டர் மட்டும் படித்து டிசம்பரில் முடித்தால் அந்த ஆண்டுக் கடன் வரம்பு விகிதப்படி குறைக்கப்படும். மூன்றாம் ஆண்டு முதல் வரம்பு 7,500 டாலர். 24 கிரெடிட்டை ஓர் ஆண்டாகக் கொள்ளும் கல்லூரியில் 12 கிரெடிட் மட்டும் பாக்கியிருந்தால் 3,750தான் கிடைக்கும். பட்டம் பெற்ற ஆறு மாதத்தில் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் மீதி இருந்தால் தம்பி, தங்கை பெயருக்கு மாற்றலாம். கணக்குக்கு 15 ஆண்டு ஆகியிருந்தால் வாழ்நாளில் 35,000 டாலர் வரை ஓய்வூதிய ராத் ஐஆர்ஏ கணக்குக்கு மாற்றலாம், ஆண்டு வரம்புக்கு உட்பட்டு.

5. வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஆகும் நாட்கள்

பெரிய நிறுவனங்கள் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுப்பது முந்தைய ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள். பட்டத்துக்கு முந்தைய கோடையில் வேலை பார்த்த இடமே நிரந்தர வேலை தருவது வழக்கம். அந்தக் கோடை உங்களுக்கு இரண்டாம் ஆண்டின் முடிவில் வருகிறது. அதற்கான விண்ணப்பம் மூன்றாம் செமஸ்டர் தொடங்கும்போதே போக வேண்டும். அதே கோடையில்தான் 9 கிரெடிட் படிக்கவும் திட்டமிட்டிருப்பீர்கள். இரண்டும் மோதும் இடம் இது. எங்கள் கருத்து, அந்தக் கோடையை இன்டர்ன்ஷிப்புக்கு விட்டுவிட்டு கிரெடிட்டை வேறு இடத்தில் தேடுங்கள். தேட இடமில்லை என்றால் மூன்றாண்டுத் திட்டத்தை விடுவதே மேல்.

ரெசுமேயில் பட்டம் பெறும் மாதத்தை மூன்றாண்டுக் கணக்கில்தான் போட வேண்டும். நிறுவனங்கள் நீங்கள் எத்தனையாவது ஆண்டில் இருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை, முடிக்கும் தேதியைத்தான் பார்க்கின்றன.

முதுகலை, பிஎச்டி விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பரில் கெடு. அப்போது நீங்கள் ஐந்தாம் செமஸ்டரில் இருப்பீர்கள், நான்கு செமஸ்டர் மதிப்பெண்தான் கையில் இருக்கும். பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். உங்களை நன்றாகத் தெரிந்த மூன்று பேராசிரியர்களின் பெயரை இன்றே எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நான்காம் ஆண்டின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

சில துறைகளில் நான்கு கூட்டல் ஒன்று என்ற திட்டம் உண்டு. இளங்கலையிலேயே முதுகலைப் பாடங்கள் சிலவற்றை எடுத்து இரண்டுக்கும் கணக்கில் சேர்ப்பார்கள். மூன்றாண்டில் இளங்கலையை முடிக்க முடிகிறவர் இதில் சேர்ந்தால், ஏறக்குறைய நான்காண்டில் இரண்டு பட்டமும் பெறலாம். ஊரிலிருந்து பணம் கட்டிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு வெறும் மூன்றாண்டுப் பட்டத்தைவிட இது பயனுள்ளது என்பது எங்கள் எண்ணம். இதையும் கேட்டுப் பாருங்கள்.

6. எஃப்-1 மாணவர்கள் தேதிகளை இப்படிப் போடுங்கள்

கல்லூரி உங்களுக்குத் தந்த ஐ-20 தகுதிப் படிவத்தில் படிப்பு முடியும் தேதி நான்காண்டுக்குப் போட்டிருக்கும். முன்னதாக முடிப்பதாக இருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் பொறுப்பு அதிகாரியான டிஎஸ்ஓ அந்தத் தேதியைச் சுருக்கிப் புது ஐ-20 தர வேண்டும். பழைய தேதி இருக்கிறதே, அதுவரை தங்கலாம் என்று எண்ணாதீர்கள். படிப்பு முடிந்தவுடன் அந்தத் தேதிக்குப் பொருளில்லை. படிப்புக்குப் பின் நாட்டைவிட்டுக் கிளம்பத் தரும் அறுபது நாள் அவகாசம் உண்மையில் முடித்த நாளிலிருந்துதான்.

ஓபிடி என்பது படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலை பார்க்கும் அனுமதி. அதற்கான விண்ணப்பத்தைப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து, முடிந்த 60 நாளுக்குள் அனுப்பலாம். டிசம்பர் 15 முடிவு என்றால் செப்டம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரி 13 வரை. டிஎஸ்ஓ பரிந்துரை பதிந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிடுபவர்கள் உண்டு, அதற்கு மன்னிப்பு இல்லை. பரிசீலனைக்கு மாதக் கணக்கில் ஆகலாம் என்பதால் 90 நாள் கதவு திறந்தவுடனே அனுப்புங்கள். கட்டணத்தை அனுப்பும் நாளில் துறையின் தளத்தில் பார்த்துக் கட்டுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்கு வருவதாக இருந்தால் டிஎஸ்ஓவிடம் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

ஓபிடி தொடங்கியபின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கக்கூடாது. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) துறையானால் 12 மாதத்தோடு இன்னும் 24 மாதம் கிடைக்கும்.

ஓராண்டு முன்னதாக மே மாதத்தில் முடிப்பதால் இந்த நாட்களில் பெரிய மாற்றமில்லை. டிசம்பரில் முடிப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவுக்கான பதிவு மார்ச்சில். ஸ்டெம் அல்லாத மாணவர் டிசம்பரில் முடித்து ஜனவரியில் வேலை தொடங்கினால், 12 மாத ஓபிடிக்குள் வரும் ஒரே மார்ச் வேலைக்குச் சேர்ந்த இரண்டு மாதத்திலேயே வந்துவிடும். புது ஆளுக்கு அவ்வளவு சீக்கிரம் மனுப் போட எந்த நிறுவனமும் தயங்கும். மே மாதத்தில் முடித்தவருக்கு அதே மார்ச் எட்டு ஒன்பது மாதம் கழித்து வருகிறது. ஸ்டெம் மாணவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கடைசி செமஸ்டரில் பாடம் குறைவாகவே பாக்கி இருந்தால் 12 கிரெடிட்டுக்குக் கீழே பதியலாம். ஆனால் பதியும் முன்பே டிஎஸ்ஓ அனுமதி வேண்டும், ஒரே பாடம்தான் பாக்கி என்றால் அது நேரடி வகுப்பாக இருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பாடத்தில் தோற்றால் ஐ-20ஐ அது காலாவதியாகும் முன்பே நீட்டிக்க வேண்டிவரும், ஓபிடியும் சிக்கலில் மாட்டும். ஆகவே கடைசி செமஸ்டருக்குக் கடினமான பாடத்தை வைக்காதீர்கள்.

7. மூன்று அலுவலகம், மூன்று கேள்வி

அட்வைசருக்குப் பாடம் தெரியும், உதவித்தொகை தெரியாது. நிதி அலுவலகத்துக்கு விசா தெரியாது. டிஎஸ்ஓவுக்கு உங்கள் கேப்ஸ்டோன் தெரியாது. ஒருவர் சொன்ன "சரி" மற்ற இருவரின் ஒப்புதல் ஆகாது. உங்கள் ஆறு கட்டத் தாளை எடுத்துக்கொண்டு மூவரிடமும் போங்கள்.

அட்வைசரிடம்: இந்த வரிசையில் முடித்தால் எல்லாத் தேவையும் நிறைவேறுமா, எந்தப் பாடம் நடக்காமல் போக வாய்ப்பு? நிதி அலுவலகத்தில்: முன்னதாக முடித்தால் உதவித்தொகையில் எதையாவது திருப்ப வேண்டுமா, கோடைக்குப் பயன்படுத்தலாமா? டிஎஸ்ஓவிடம்: தேதியை எப்போது சுருக்குவீர்கள், கோடையில் வேறு கல்லூரியில் படிக்க என்ன செய்ய வேண்டும்? அன்று மாலையே, "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். அட்வைசர்கள் மாறுவார்கள், அந்த மின்னஞ்சல்தான் பிறகு பேசும்.

8. மூன்றாண்டு இடிக்கிறதா, மூன்றரை பாருங்கள்

டிசம்பரில் முடித்தால் தேவை 15 கிரெடிட்தான் கூடுதல். கோடை இன்டர்ன்ஷிப் மூன்றும் கையில் இருக்கும், அரையாண்டுக் கட்டணம் மிச்சம். ஏழாம் செமஸ்டரில் இரட்டை கேப்ஸ்டோன் இருக்கும் துறைக்கு இது பொருந்தாது. வாடகை ஒப்பந்தம் ஆகஸ்ட் முதல் ஜூலை வரை என்பதால், ஜனவரிக்குப் பின் வேறொருவருக்குக் கைமாற்றலாமா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

9. பட்டத்துக்கு விண்ணப்பம்

கிரெடிட் முடிந்தால் பட்டம் தானாக வராது. கடைசி செமஸ்டரின் தொடக்கத்திலேயே, சில இடங்களில் அதற்கு முந்தைய செமஸ்டரிலேயே, பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கெடு தவறினால் அடுத்த செமஸ்டர் தேதியில்தான் பட்டம். கம்யூனிட்டி காலேஜ் மதிப்பெண் பட்டியல், ஏபி முடிவு எல்லாம் அதற்குள் பதிவாளரிடம் வந்து ஆடிட்டில் ஏறியிருக்க வேண்டும். அனுப்பினேன் என்பதோடு நிற்காமல் ஆடிட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பட்டம் பதிவான தேதி அச்சான டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) இரண்டு மூன்று பிரதி உறையிட்டு வாங்குங்கள். இந்தியாவில் மேற்படிப்போ அரசுப் பணியோ எண்ணம் இருந்தால் பட்டச் சான்றுக்கு அந்த மாநிலச் செயலர் அலுவலகத்தின் அப்போஸ்டில் முத்திரையை (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கவைக்கும் சான்று) ஊர் திரும்பும் முன்பே வாங்கிவிடுங்கள். மூன்றாண்டில் முடித்ததால் கிரெடிட் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஏபி, கிளெப் முடிவுகளையும் கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்டையும் சேர்த்து வையுங்கள். எஃப்-1 மாணவர்கள் இதுவரை பெற்ற எல்லா ஐ-20 படிவங்களையும், பழையது உட்பட, ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும்.